ட்ரொம்போனுக்கு ஏற்ற மசகு

மார்கழி மாதத்து விடியற்காலையில் நமுனுகுல மலைச்சாரலின் லயங்களில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெண்கட்டியாக உறைந்து கிடப்பது புதிதன்று. அடுப்பின் அருகே வைத்துச் சற்று இளக்கிய பின்னரே அதனைத் தலைக்கு வைத்துக்கொள்ள முடியும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 அல்லது 25 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும் இயல்பினது. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வாழ்வோர் இதனை அரிதாகவே காண்பர். ஊவா மலைநாட்டாருக்கோ இது அன்றாடச் செய்தி. இந்தச் சிறு செய்தி ஒரு பித்தளை வாத்தியத்தின் ஆயுளோடு தொடர்புடையது என்றால் நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அந்த வாத்தியம் ட்ரொம்போன்.

பாண்ட் வாத்தியக் குழுவினர் ஊர்வலமாகச் செல்லும்போது, ஒரு நீண்ட குழலை முன்னே நீட்டியும் பின்னே இழுத்தும் ஊதுபவரை யாவரும் கண்டிருப்பர். ஏனைய பித்தளை வாத்தியங்களில் விரலால் அழுத்தும் வால்வுகள் சுரத்தை மாற்றுகின்றன. ட்ரொம்போனிலோ குழலின் நீளத்தையே கையால் கூட்டியும் குறைத்தும் சுரங்களைப் பெறுகின்றனர். ஆங்கிலத்தில் ‘ஸ்லைட்’ எனப்படும் அந்த நகரும் பகுதியைத் தமிழில் இழுகுழல் என்று சொல்லத் தகும். 15ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் தோன்றிவிட்ட இந்த அமைப்பு இன்றுவரை அடிப்படையில் மாறவேயில்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு இடைவெளியின்றி வழுகிச் செல்லும் ஆற்றல் இதற்கு உண்டு. நாதசுரக் கமகத்திலே தோய்ந்த செவிக்கு மேலைநாட்டுப் பித்தளை வாத்தியங்களுள் மிக நெருக்கமானது ட்ரொம்போனே எனலாம்.

தமிழ் நாட்டவருக்கு மேலைநாட்டு வாத்தியக் குழு அயலானதன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அரண்மனையில் மேலைநாட்டு முறைப்படி பாண்ட் ஒன்றை வைத்திருந்தார். அக்காலத்தவரான முத்துசுவாமி தீட்சிதர் மேலைநாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். இலங்கையிலே 1883ஆம் ஆண்டில் வந்து இறங்கிய இரட்சணிய சேனையாருக்குப் பித்தளை வாத்தியம் வழிபாட்டின் ஓர் அங்கம். இன்று காவற்படை, தரைப்படை ஆகியவற்றின் குழுக்களிலும் பல பாடசாலைகளின் பாண்ட் குழுக்களிலும் பித்தளை வாத்தியங்கள் முழங்குகின்றன. ஆயினும் பதுளைப் பகுதியில் ஒரு பாடசாலைக்கு ட்ரொம்போன் ஒன்று கிடைத்துவிட்டால், அதனைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் அதனை ஊதும் மாணவன் தலையிலேயே விழுகின்றது. பதுளையிலிருந்து கொழும்புக்கு இரயிற் பாதை 290 கிலோமீற்றருக்குக் குறையாத தூரம். கெட்டுப்போன இழுகுழலை அத்தனை தூரம் கொண்டுசென்று, திருத்தத் தெரிந்தவரைத் தேடிப்பிடித்து, கூலியும் கொடுத்து மீட்பது எளிதன்று. பலவேளைகளில் வாத்தியம் அலுமாரிக்குள் போய்விடும். மாணவனும் வேறு விளையாட்டைத் தேடிக்கொள்வான். ஆதலின் எந்த மசகைப் பூசுவது என்பது சில்லறை வினா அன்று.

விடை காணுமுன் இழுகுழலின் உள்ளமைப்பைச் சற்று நோக்குதல் வேண்டும். அதில் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும் உட்குழல்கள் இரண்டு. அவற்றின்மேல் உறைபோல ஏறி நகரும் வெளிக்குழல்கள் இரண்டு. வெளிக்குழல்களின் நுனிகள் வளைந்த குழாய் ஒன்றினால் இணைக்கப்பட்டிருக்கும். சாதாரண ட்ரொம்போனின் மொத்தக் குழல் நீளம் சுமார் 9 அடி. இழுகுழலுக்கு ஏழு நிலைகள். ஒவ்வொரு நிலையும் சுருதியை அரைச்சுரம் தாழ்த்தும். முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் நீட்டினாற் போதும். ஆறாவதிலிருந்து ஏழாவதற்கோ 11 சென்ரிமீற்றர் வரை நீட்ட வேண்டும். குழல் நீள நீள, அடுத்த அரைச்சுரத்துக்கு வேண்டிய நீட்டமும் கூடும் என்பதே இதற்குக் காரணம். முதல் நிலையிலிருந்து ஏழாம் நிலை வரை கை செல்லும் தூரம் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. விரைவான இசையில் இத்தூரத்தின் பெரும்பகுதியைக் கை கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்தாக வேண்டும். குழல் சிறிது பற்றிக்கொண்டாலும் சுரம் பிசகிவிடும்.

உட்குழலுக்கும் வெளிக்குழலுக்கும் இடையே உள்ள வெளி மயிரிழை அளவினது. அதனினும் அகன்றால் காற்றுக் கசிந்து நாதம் கெடும். குறுகினால் குழல் நகராது. உட்குழலின் முழு நீளமும் வெளிக்குழலைத் தொட்டால் உராய்வு தாங்காது. ஆகவே நுனியில் நாலைந்து அங்குல நீளத்துக்கு மட்டும் உட்குழலைச் சற்றே பருமனாக அமைக்கின்றனர். காலுக்கு மேசோடு இட்டதுபோல் தோன்றுவதால் ஆங்கிலேயர் அப்பகுதிக்கும் காலுறையின் பெயரையே இட்டுள்ளனர். வெளிக்குழலைத் தொட்டு வழுகுவது இந்தக் காலுறைப் பகுதியே. இன்றைய வாத்தியங்களில் உட்குழலின்மேல் கடினமான குரோமியப் பூச்சும் உண்டு. மசகு வேண்டிய இடமும் இதுவே. குழல் முழுவதும் எண்ணெயைத் தடவி மினுக்குவோர் வீண்வேலை செய்வதோடு, தூசிக்கும் இடங்கொடுக்கின்றனர்.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவருக்கு மசகின் தத்துவம் புதியதன்று. கொழுந்தை உருட்டும் பாரமான இயந்திரம் மெதுவாகச் சுழல்வது. அதன் தாங்கிகளுக்குக் கெட்டியான கிரீசு பொருந்தும். விரைந்து ஓடும் தையல் இயந்திரத்துக்கு அதே கிரீசை இட்டால் ஊசி நகராது. அதற்கு மெல்லிய எண்ணெயே வேண்டும். பாரம் மிகுதியாகவும் வேகம் குறைவாகவும் உள்ள இடத்தில் தடித்த மசகு. பாரம் குறைவாகவும் வேகம் மிகுதியாகவும் உள்ள இடத்தில் மெல்லிய மசகு. இழுகுழலின் பாரமோ மிகச் சிறியது, வேகமோ பெரிது, இடைவெளி மயிரிழை. ஆகவே அதற்கு வேண்டியது தையல் இயந்திர எண்ணெயினும் மெல்லிய ஒன்று என்பது தெளிவு.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு வீட்டில் கிடைக்கும் பொருள்களைப் பார்ப்போம் என்று ஒருவர் முற்பட்டால், முதலிற் கைக்கு எட்டுவது தேங்காயெண்ணெயே. அது கடலோர ஊரின் நண்பகலில் நீர்போல் ஓடும்; சில நாழிகை வேலையும் செய்யும். நமுனுகுல 6,600 அடிக்கு மேல் உயர்ந்த மலை. அதன் சரிவில் உள்ள தோட்டங்கள் பதுளை நகரினும் எவ்வளவோ குளிரானவை. அங்கே காலைப் பயிற்சிக்கு வாத்தியத்தை எடுக்கும்போது எண்ணெய் குழலுக்குள் மெழுகாகி நிற்கும். வலிந்து இழுத்தால் குரோமியப் பூச்சிலே கீறல் விழாவிடினும் குழல்களின் இணைமை குலையும். குளிரை விட்டாலும் இன்னொரு கேடு உண்டு. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகிய தாவர எண்ணெய்கள் அனைத்தும் நாட்பட்டால் சிக்கடைந்து புளிக்கும். அப்போது தோன்றும் கொழுப்பமிலங்கள் பித்தளையிலுள்ள செம்போடு கூடிப் பச்சைக் களிம்பாகின்றன. துலக்காமல் விட்ட குத்துவிளக்கின் தகழியில் படியும் பச்சை நிறம் இதுவே. விளக்கைப் புளியிட்டுத் துலக்கலாம்; மயிரிழை வெளிக்குள் படிந்த களிம்பைத் துலக்கப் புளியுமாகாது, சாம்பலுமாகாது.

மண்ணெண்ணெய் பழைய அழுக்கைக் கரைப்பதால் முதலில் குழல் ஓடுவதுபோல் தோன்றும். சற்று நேரத்தில் அது ஆவியாகிவிட, உலோகம் உலோகத்தோடு உரசும். வாயால் ஊதும் வாத்தியத்தில் அதன் நெடியும் நஞ்சும் ஒருபோதும் தகாதவை. தையல் இயந்திர எண்ணெய் இவற்றினும் எவ்வளவோ மேல். அது புளிப்பதுமில்லை, உறைவதுமில்லை. எனினும் ஊதுபவரின் மூச்சு ஈரம் கலந்ததும் அதன் படலம் அறுந்துபோகின்றது. அரைமணிக்கு ஒருமுறை மேலும் மேலும் இடவேண்டி வரும். மூச்சு செல்லும் வழியில் அதன் வாடை நிற்பதும் விரும்பத்தக்கதன்று. தொழிற்சாலைக் கிரீசைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

இங்கேதான் ட்ரொம்போன் வாசிப்போர் கண்ட ஓர் உபாயம் கவனத்துக்குரியது. இழுகுழல் எண்ணெயின்மேல் ஓடவேண்டுவதில்லை, நீரின்மேல் ஓடலாம். காலுறைப் பகுதியில் நெய்ப்புள்ள களிம்பை மிக மெல்லிதாகத் தடவி, அதன்மேல் நீரைப் புகைபோல் தெளித்தால், நீர் பரவாமல் சிறு சிறு துளிகளாகத் திரண்டு நிற்கும். சேம்பிலையின்மேல் மழைத்துளி உருள்வதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். அத்துளிகள் வெளிக்குழலைத் தாங்கி நிற்க, குழல் அவற்றின்மேல் மிதந்து செல்லும். ஆகவே களிம்பின் வேலை நீரைப் பிடித்துவைப்பதே, வழுக்குவது நீர். இந்த நுட்பத்தை உணராதோர் குழல் பற்றிக்கொள்ளும்போதெல்லாம் மேலும் களிம்பைப் பூசுகின்றனர். உண்மையில் குறைந்தது களிம்பன்று, நீர். நாதசுரக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைத்தே வாசிக்கத் தொடங்குவர். மாசி மாதத்துக் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்போர் பனியில் தொய்ந்த தோலைத் தீயிலே காய்ச்சி இறுக்குவர். ஒரு வாத்தியத்துக்கு ஈரமும் மற்றொன்றுக்கு வெம்மையும் வேண்டுமென்பதை மலைநாட்டார் நெடுங்காலமாக அறிவர்.

இதற்குரிய களிம்பாகப் பலர் நெடுங்காலம் பயன்படுத்தியது முகத்துக்குப் பூசும் பாண்ட்ஸ் குளிர்க்களிம்பு. எண்ணெய், மெழுகு, நீர் மூன்றும் கூடிய கலவையாதலின் அது நீரை ஏற்றுப் பிடித்துக்கொள்ளும். கடைத்தெருவில் எளிதிற் கிடைப்பதும் அதற்கொரு சிறப்பு. ஆயின் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முகத்தில் உறிஞ்சப்பட்டு மறைந்துபோகும் நீர்த்த வகைக் களிம்புகள் இதற்கு உதவா. அவற்றில் நெய்ப்புக் குறைவு. மெருகு தரும் நுண்பொடிகள் கலந்த அழகுப் பொருள்கள் குழலை அராவிவிடும். பழைய குளிர்க்களிம்பு வகையே ஏற்றது.

சிலிக்கோன் எனப்படும் செயற்கைப் பொருள் வந்தபின் நிலைமை மேலும் சீரடைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே பிரெடெரிக் கிப்பிங் என்னும் இரசாயன அறிஞர் இவ்வகைச் சேர்மங்களை ஆராய்ந்து பெயரிட்டார். 1943இல் அமெரிக்காவிலே டவ் கோர்னிங் நிறுவனம் இவற்றை வணிக அளவில் ஆக்குவதற்கென்றே அமைக்கப்பட்டது. சிலிக்கோன் எண்ணெய் குளிரில் உறைவதில்லை, வெப்பத்தில் நீர்த்துப்போவதும் மிகக் குறைவு, புளிப்பதில்லை, செம்போடு கூடிக் களிம்பாவதில்லை. மலைநாட்டுக் குழலுக்கு இதனினும் பொருத்தமான குணங்களை வேண்ட முடியாது. இன்று ‘ஸ்லைட்-ஓ-மிக்ஸ்’ போன்ற நீர்ம வகைகளும், ‘ட்ரொம்பொடீன்’ போன்ற களிம்பு வகைகளும் இசைக்கருவி விற்போரிடம் கிடைக்கின்றன. விலை சற்று மிகுதிதான். எனினும் ஒருமுறைக்குச் சில துளிகளே செலவாவதால் ஒரு சிறு போத்தல் பல மாதங்களுக்கு வரும். இரண்டு வகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடுதல் மட்டும் ஆகாது. பழைய களிம்பின்மேல் புதிய சிலிக்கோனை விட்டால் இரண்டும் கூடிப் பிசினாகும். பாடசாலை வாத்தியத்தைப் பலர் மாறி மாறி ஊதும் இடங்களில் இந்தத் தவறு மிகுதியாக நேர்வதுண்டு. எந்த வகை என்பதைப் பெட்டிக்குள் ஒரு கடதாசித் துண்டில் எழுதி வைத்தால் தொல்லை தீரும்.

பூசும் முறையில் கஞ்சத்தனமே நன்று. இழுகுழலைப் பூட்டுநீக்கி, வெளிக்குழலை மெதுவாக இறக்க வேண்டும். உட்குழலின் காலுறைப் பகுதியைத் தூய பருத்தித் துணியால் துடைத்து, இரண்டிலும் பயற்றங்காய் விதையளவு களிம்பை விரலால் சுற்றிலும் தடவுதல் வேண்டும். பின் குழலை மாட்டிச் சில முறை மேலும் கீழும் ஓட்டி, திரும்ப இறக்கிப் பார்த்தால், மிகுதியான களிம்பு காலுறைக்கு மேலே வளையமாக ஒதுங்கி நிற்கும். அதைத் துடைத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு எஞ்சியிருப்பதே போதிய அளவு. அதன்பின் தெளிப்பான் போத்தலால் இரண்டு மூன்று முறை நீர் தெளிக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீர் சிறந்தது. கிடையாதவிடத்துத் தெளிந்த குடிநீரே போதும்.

ஆனால் அழுக்குப் படிந்த குழலில் எந்த மசகும் பயன்தராது. விலைகூடிய களிம்பை வாங்கி அழுக்கின்மேல் பூசுவோர் காசையும் குழலையும் ஒருங்கே இழக்கின்றனர். மாதம் ஒருமுறையேனும் இழுகுழலை வெதுவெதுப்பான நீரிலே சிறிது மென்மையான சவர்க்காரம் கலந்து கழுவுதல் வேண்டும். நீர் கொதிக்கலாகாது, மேற்பூச்சு உரிந்துவிடும். வளைந்த பகுதிக்குள் நெளியும் தூரிகை ஒன்று செல்லும். நேரான குழல்களுக்குள் நீண்ட துடைகம்பி செல்லும். அதன் நுனி முதல் அடி வரை துணியால் சுற்றப்பட்டிருத்தல் வேண்டும். வெறுங்கம்பி உள்ளே உரசினால் கீறும். துணி நெகிழ்ந்து உள்ளே சிக்கினால் எடுக்க இயலாது. எந்தக் குழலைத் துடைக்கிறோமோ அந்தக் குழலையே மற்றக் கையாற் பிடித்தல் மிக முக்கியம். எதிர்க்குழலைப் பிடித்துக்கொண்டு கம்பியை வலிந்து இழுத்தால் இரண்டு குழல்களும் முறுகி, இணைமை கெடும். நல்ல இழுகுழல்கள் பல, ஊதும்போது அன்று, துப்புரவு செய்யும்போதே கெடுகின்றன.

அழுக்கு எங்கிருந்து வருகின்றது? தேயிலை நாட்டில் அதற்கு விடை ஒரு கிண்ணத்திலேயே உள்ளது. பயிற்சிக்கு இடையே சீனி மிகுதியாக இட்ட தேநீரைப் பருகி, வாய் துடைத்த கையோடு மீண்டும் ஊதுவது வழக்கமாகிவிட்டது. தேநீரின்மேல் குற்றமில்லை, சீனியே குற்றவாளி. இனிப்புக் கலந்த உமிழ்நீர் குழலுள்ளே படிந்து பிசுபிசுக்கும். நாட்பட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் அரிக்கப்பட்டு, செம்பு நிறத்துப் புள்ளிகள் வெளியே தோன்றும். அப்புள்ளிகள் உள்ளிருந்து தொடங்கியவை. அவை தென்படும்போது உலோகம் முன்னமே மெலிந்திருக்கும். வாய்நிறைய நீர் கொப்பளித்துவிட்டு ஊதுவது அரைநிமிட வேலை.

ஊவாவின் பருவங்களும் மசகைப் பாதிக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் மலையைக் கடந்து வீசும் உலர்காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த மணத்தைத் தருகின்றது. அதே காற்று இழுகுழலின் நீர்த்துளிகளை வெகுவிரைவில் உலர்த்திவிடும். திறந்த மைதானத்தில் அணிவகுக்கும்போது இரண்டு மூன்று உருப்படிகளுக்கு ஒருமுறை நீர் தெளிக்க வேண்டிவரும். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப்பருவ மழையும் மூடுபனியும் சூழும் காலத்தில் வெளியே நீர் உலர்வது மெதுவாகும். குளிர்ந்த குழலுக்குள் மூச்சின் ஈரமோ விரைந்து திரளும். அப்போது தெளிப்பதைக் குறைத்து, வளைவின் அடியிலுள்ள சிறு திறப்பின் வழியே நீரை அடிக்கடி வடித்துவிடுதல் நன்று.

குழல் சரிவர ஓடாவிட்டால் குற்றம் மசகிலா, உலோகத்திலா என்று அறிய எளிய சோதனை உண்டு. கழுவித் துடைத்து மசகிட்ட குழலை நேராக நிறுத்தி, வெளிக்குழலை ஒரு கையால் பிடித்தபடி மெல்லத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அது தன் பாரத்தாலேயே தடையின்றி இறங்கினால் குழல் நலமாயுள்ளது. வழி முழுவதும் மந்தமாக இறங்கினால் இன்னும் அழுக்குண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தட்டி நின்றால் அங்கே ஒரு நசுங்கல் இருக்கின்றது. அன்றேல் குழல் வளைந்திருக்கின்றது. இதற்கு மசகு மருந்தாகாது. கூடுதலாக எண்ணெய் விட்டு வலிந்து ஓட்டினால் நசுங்கிய இடம் உட்குழலின் பூச்சை நாளடைவில் தின்றுவிடும். சுத்தியலும் உருளையும் கொண்டு வீட்டிலேயே நிமிர்த்த முயலாமல், அத்தொழில் அறிந்தவர் கையில் ஒப்படைத்தலே முறை. தொலைவு பெரிதாயினும் இந்த ஒரு வேலைக்குத் தொலைவைப் பாராட்டலாகாது.

வாத்தியத்தின் பிற பகுதிகளுக்கு வேறு மசகு. பின்பக்க வளைவில் சுருதி கூட்டும் சிறு குழல், ஒருமுறை வைத்த இடத்தில் அசையாது நிற்கவேண்டியது. அதற்கு வசலினோ, ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் லனோலினோ போன்ற தடித்த நெய்ப்பே வேண்டும். இழுகுழலுக்கு இடும் மெல்லிய மசகை அங்கே இட்டால் ஊதும்போதே சுருதி நழுவும். கட்டைவிரலால் இயக்கும் சுழல்வால்வு உள்ள வாத்தியமாயின், அதற்கென விற்கும் எண்ணெயில் இரண்டொரு துளி போதும். வசலினைத் தொட்ட விரலோடு இழுகுழலைத் தொடாமல், முதலில் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து வாத்தியத்தைக் கீழே வைக்குமுன் இழுகுழலின் பூட்டு வளையத்தைத் திருப்பிப் பூட்டுவதும் மறக்கத்தகாதது. நன்றாக மசகிட்ட குழல் பூட்டாமல் விட்டால் தானே நழுவிச் சீமெந்துத் தரையில் விழும்.